தாசில்தாருக்குத் தீனி

நவம்பர் 6, புதன்

தினமும் ஏதாவது எழுதுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு மாத்திரை, பெற்றவளுக்கு டைரி. மனதில் இருப்பதை அப்படியே எழுத வேண்டுமாம். என் மனதில் ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. அதனால் பூச்சிகளைப் பற்றி எழுதப் போகிறேன். டாக்டரம்மா வாங்கிப் படித்தாலும் படிப்பார், விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நிகிலா பேசினாள். சேர்த்த பிறகு அவளாகப் பேசியது இதுதான் முதல் தடவை. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை.

"தாசில்தாருக்குத் தீனி வெச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

வெச்சேன் கண்ணு என்றேன். பொய்தான். அந்த நினைப்பே எனக்கு இல்லை.

தாசில்தார் அவள் வளர்க்கும் பல்லி. சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. ஒரு சாண் நீளம், மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால், கண்ணுக்கு இமை வேறு. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கி வந்தாள். ஊரில் பெண்கள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுப்பார்கள், என் மகள் பல்லி எடுத்தாள். எப்போது போய்ப் பார்த்தாலும் சீட்டில் இருக்காது, பொந்துக்குள் தூக்கம், பொழுது சாய்ந்தால்தான் தரிசனம். அதனால் அந்தப் பெயர். இலை தழை தொடாது. பூச்சி உயிரோடு நெளிய வேண்டும். செத்ததைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்குப் பிறகு அவள் அறைக்குள் நான் போகவில்லை. இவர் மட்டும் ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரோடு போய்க் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். இன்று நான் போனேன். நாற்றம் தாங்கவில்லை. தீனிக்காக வைத்திருந்த சுவர்க்கோழிகள் டப்பாவுக்குள் செத்துக் கிடந்தன. இருட்டினால் நம் வீட்டு மூலையில் கத்துமே, அதே ஜாதிப் பூச்சி. தாசில்தார் பிழைத்துக் கிடந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் மூன்று இருந்தன. எப்போதும் ஒன்றுதான் இருக்கும். புழுக் கிண்ணமும் கூடுதலாக ஒன்று. எல்லாவற்றையும் முன்கூட்டியே நிறைத்து வைத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எதிலும் ஒழுங்கு.

டப்பாவைக் கழுவி வெயிலில் வைத்தேன்.

நவம்பர் 7, வியாழன்

உக்கடம் போய்விட்டு வந்தேன். நிகிலா வழக்கமாகப் பூச்சி வாங்கும் ஜமால் பாய் கடை. வாசலில் லவ் பேர்ட்ஸ், உள்ளே மீன், அதற்கும் உள்ளே போனால் பூச்சிகள். தாடிக்குச் சாயம் அடித்த மனிதர், பேச்சும் அப்படித்தான், கொஞ்சம் சாயம் அதிகம். எல்லாப் பூச்சியையும் ராஜவைத்தியம் மாதிரி விற்றார். சுவர்க்கோழிக்கு அவர் சொல்லும் பெயர் கிரிக்கெட். தவிட்டில் நெளிகிற மஞ்சள் புழுவுக்கு மீல்வார்ம். அதில் கொழுப்பு ஜாஸ்தி, வாலுக்கு நல்லது, ஆனால் தினம் போட்டால் சொகுசு பழகி வேறு எதையும் தொடாதாம். கரப்பானும் வைத்திருந்தார். கரப்பானைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோகும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை.

இருப்பதிலேயே பெரிய சுவர்க்கோழியாகக் கொடுங்கள் என்றேன். நோஞ்சானுக்குப் பெரிய தோசை ஊற்றுகிற புத்திதான்.

"வாயப் பாத்து வாங்காதீங்கக்கா," என்றார். "ரெண்டு கண்ணுக்கு நடுவுல ஒரு எடம் இருக்குல்ல, அந்த அகலத்தத் தாண்டிப் பூச்சி இருக்கக் கூடாது. பெருசாப் போட்டா உள்ள போய் அடைச்சுக்கும். உங்க பல்லிக்கு எவ்வளவு இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறது, நான் அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை. சின்னதே கொடுங்கள் என்றேன். மீசை இரண்டும் பின்னங்கால் இரண்டும் முழுசாக இருக்கிறதா, தட்டினால் துள்ளுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார், கூட ஒரு தட்டுப் புழுவும். தோட்டத்தில் பிடித்து மட்டும் போட்டுவிடக் கூடாதாம், எங்கே மருந்தடித்திருப்பார்கள் என்று தெரியாதாம்.

நிகிலா வாரத்துக்கு இரண்டு நாள் பதினோரு மணிவாக்கில் வந்து அந்த ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள் என்று சொன்னார். அந்த நேரத்தில் அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் ஆயிற்றே, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாளே என்று நினைத்தேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவு சாத்தியிருந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"பாப்பா வெளிநாடு கெளம்பிருச்சுங்களா? தீபாவளிக்கு முன்னாடியே பல்லிய எங்கிட்ட விட்டுட்டுப் போறேன்னுச்சு. இன்னும் கொண்டாரலியேன்னு பாத்தேன்."

கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது என்றேன். வெளிநாடு போகிற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. கம்பெனியில் அனுப்புவதாகச் சொல்லியிருப்பார்கள்.

பஸ்ஸில் பைக்குள்ளிருந்து சுவர்க்கோழிகள் கத்திக்கொண்டே வந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு உட்கார நல்ல இடம் கிடைத்தது.

நவம்பர் 8, வெள்ளி

சுவர்க்கோழி டப்பாவில் முட்டை அட்டைகளைப் படுக்கப் போடாமல் நிறுத்திவைக்க வேண்டும். அப்போதுதான் எச்சம் கீழே விழும், ஒளியவும் இடம் கிடைக்கும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மூழ்கிச் செத்துப்போகும். ஈரப் பஞ்சு போதும். கேரட் துண்டு மெல்லியதாகப் போட வேண்டும், அதிலேயே தண்ணீரும் கிடைத்துவிடும். எறும்பு ஏறாமல், டப்பா வைத்த ஸ்டூலின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். இது எனக்கு ஜமால் பாய் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவர் கடையிலிருந்து வந்து வாசல்படியிலேயே நின்று பார்த்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் மோகனசுந்தரம். கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அறைக்குள் வரவில்லை.

நவம்பர் 9, சனி

சுவர்க்கோழிகள் கத்துகின்றன. ஆண்தான் கத்துமாம். இந்த வீட்டு ஆண் இன்றும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மெலிந்திருக்கிறாள். மாத்திரையில் நாக்கு கொஞ்சம் குழறுகிறது. இவர் ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்தபடியே இருந்தார். பேச்சு தாசில்தாரைப் பற்றி மட்டும்தான்.

எத்தனை தின்றது என்றாள். நாலு என்றேன். இது நிஜம். அது ஒரு பூச்சியைப் பார்க்கும்போது வால் நுனியை ஆட்டுகிறது, பூனை மாதிரி, அதையும் சொன்னேன். அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆசையில் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனேன்.

"பொடி தூவிப் போட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

"எந்தப் பொடி?"

எனக்கு என்ன தெரியும். இவர் ஜன்னலை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நிகிலா கோபப்படவில்லை. மேஜை இழுப்பறையில் வெள்ளை டப்பா இருக்கிறது, கால்சியம், பூச்சியைக் கவரில் போட்டு அந்தப் பொடியோடு குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லிக்கு எலும்பு வளைந்துவிடும் என்று நிதானமாகச் சொன்னாள். தின்னாமல் மிஞ்சிய சுவர்க்கோழியைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிடக் கூடாது, தூங்கும்போது அது பல்லியைக் கடிக்கும் என்றும் சொன்னாள். தீனியே கடிக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

வெளியே வரும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாள் என்று. ஒரே காரணம் என்று தேடாதீர்கள், இப்போதைக்கு அவள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள் போதும் என்றார். அவள் கேட்பது பல்லியைத்தான். அது நன்றாக இருக்கிற வரைக்கும் இவளும் இருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. மூடநம்பிக்கைதான். விழுந்தது விழுந்ததுதான்.

நவம்பர் 13, புதன்

பொள்ளாச்சியிலிருந்து என் நாத்தனார் பஸ்ஸில் ஒரு மூட்டை கீழாநெல்லி அனுப்பியிருக்கிறார். நிகிலாவுக்கு மஞ்சள்காமாலை என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசிலும் அதே கதைதான். ஹெட்மிஸ்ட்ரஸ் பத்தியக் குறிப்பு எழுதி அனுப்பினார். எதிர்வீட்டுக்காரர்கள் இளநீர் கொடுத்தார்கள். நல்ல நோயாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம், எல்லாருக்கும் அதற்கு மருந்து தெரிந்திருக்கிறது.

ஃப்ரிட்ஜில் இடமில்லை. கீழாநெல்லியைத் தூக்கிப்போட மனம் வராமல் ஒரு கைப்பிடி சுவர்க்கோழிகளுக்குப் போட்டேன். காம்புவரை தின்றுவிட்டன. பூச்சி தின்றதுதான் பல்லிக்குப் போய்ச் சேரும், அதனால் பூச்சிக்கு நல்லதாகப் போடச் சொன்னாள் நிகிலா. கீழாநெல்லியைவிட நல்லது எது?

நவம்பர் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரி. இரண்டு இட்லி சாப்பிட்டாள். பொடியைப் பற்றிக் கேட்டாள், சரியாகச் சொன்னேன். தோல் உரித்துவிட்டு வெள்ளையாக இருக்கிற புழு மெத்தென்று இருக்கும், அதைப் பொறுக்கிப் போட்டால் தாசில்தாருக்குப் பிடிக்கும் என்றாள். தினமும் பொறுக்கிப் போடுகிறேன் என்றேன்.

வரும் வழியில் இவர், நல்லாப் பேசறா இல்ல என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குள்ளேயே பாதி வழி தாண்டி சிங்காநல்லூர் வந்துவிட்டது.

நவம்பர் 20, புதன்

புழுக்கள் எல்லாம் போய்விட்டன. காலையில் பார்த்தால் தவிட்டுக்கு மேலே வந்து விறைத்துக் கறுத்துக் கிடக்கின்றன. ஒன்று இரண்டு நெளிந்தவையும் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டன.

என் கைங்கரியம்தான். போன வாரம் மில்லில் புதுக் கோதுமைத் தவிடு வாங்கி வந்தேன். டப்பாவில் கொட்டும்போது ரவைக்கும் மைதாவுக்கும் செய்வது மாதிரியே அடியில் காய்ந்த வேப்பிலையைப் போட்டு, வசம்பைத் தட்டிப் போட்டு மூடினேன். பூச்சி வரக் கூடாது என்று. பூச்சி வளர்க்க வாங்கிய தவிட்டில். அந்தத் தவிட்டைத்தான் புழுத் தட்டில் நிரப்பியிருக்கிறேன். இருபத்தைந்து வருடப் பழக்க தோஷம், கை பாட்டுக்குச் செய்துவிட்டது.

இவர் வந்ததும் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பூச்சி வளக்கறதுக்கு வசம்பு போட்டியா கோகிலா?"

சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் நிறுத்திவிட்டேன், இவர் நிறுத்தவில்லை. ஒற்றைச் செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பார்த்தால் அது சிரிப்பே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை, தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட. பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட ஆபீசில் யார் வந்து அழுதாலும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். இன்று அதுகூடத் தோன்றவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

தாசில்தார் நேற்றும் தின்னவில்லை, இன்றும் தின்னவில்லை. சுவர்க்கோழி மூக்குக்கு முன்னாலேயே நடந்து போகிறது. பார்க்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறது. வால் சுருங்கியிருக்கிறது. அதன் சேமிப்பெல்லாம் வாலில்தான். அந்த வசம்புத் தட்டிலிருந்து எத்தனை புழு பொறுக்கிப் போட்டேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மெத்தென்று இருப்பதாகத் தேடித் தேடிப் போட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மருந்து தொடர வேண்டும், தனியாக விடக் கூடாது, வாராவாரம் வர வேண்டும். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

தாசில்தார் எப்படி இருக்கிறது என்று நிகிலா கேட்டாள். நன்றாகத் தின்கிறது என்றேன். இந்தப் பொய்யைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை. நாக்கு தானாகப் போகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

பல்லி பார்க்கிற கால்நடை மருத்துவரை விசாரித்துப் போனோம். இவர் கடையை மூடிவிட்டு வந்தார். தாசில்தாரை டிபன் பாக்சில் பழைய துண்டு விரித்துக் கொண்டுபோனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு நாயும் கிளியும்.

ஊசி போட்டார், வாயில் சொட்டு மருந்து விட்டார். என்ன தீனி என்று கேட்டதற்கு வசம்பு விவகாரத்தைச் சொன்னேன். சுவர்க்கோழிக்கு என்ன போடுகிறீர்கள் என்றார். கேரட், கீழாநெல்லி என்றேன். கீழாநெல்லியா, அது எதற்கு வீட்டில், யாருக்காவது காமாலையா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வசம்பாகவும் இருக்கலாம், குடலில் முன்பே கிருமி இருந்திருக்கலாம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றார். எல்லா டாக்டர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போலிருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

தாசில்தார் செத்துவிட்டது. மத்தியானம். கை வைத்துப் பார்த்தேன்.

இவர் கடையிலிருந்து வந்து, மோட்டாருக்குள் வைக்கிற இன்சுலேஷன் பேப்பரில் சுற்றி, செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தார். சாயங்காலம் நிகிலா போனில் கேட்டாள், தின்றதா என்று. தின்றது என்றேன்.

நவம்பர் 29, வெள்ளி

வேறு ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்பது இவர் யோசனை. "எல்லாம் மஞ்சளும் கறுப்பும்தான. வந்த ஒடனே இதக் கேட்டு மனசு ஒடஞ்சு, மறுபடி எதாச்சும்னா? நம்மனால தாங்க முடியுமா புள்ள?" என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. மறுபடி என்ற சொல்லை இந்த வீட்டில் இப்போதுதான் முதல் தடவை சொல்கிறோம். போனில் இருந்த தாசில்தார் படங்களை எடுத்துக்கொண்டு உக்கடம் போனேன்.

ஜமால் பாயிடம் ஒன்று இருந்தது. அதே அளவு, அதே வால். படத்தையும் அதையும் வைத்துப் பார்த்தார். முதுகில் புள்ளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. தோல் உரிக்கும்போது புள்ளி மாறும் என்று பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை, விற்கத் தெரிந்தவர். என் உள்ளங்கையில் எடுத்து வைத்தார். அதன் வயிறு சில்லென்று இருந்தது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பார்த்தேன். தாசில்தாருக்கு இதைவிடக் கொஞ்சம் குறுகல். இப்போது எனக்கு அது தெரியும். எனக்கே தெரிகிறது என்றால் அவளுக்குத் தெரியாதா?

அப்போது அவர், பாப்பா வெளிநாட்டிலிருந்து வருவதற்குள் இது வீட்டுக்குப் பழகிவிடும் என்றார்.

"அவ வெளிநாடு போகலீங்க பாய். ஆஸ்பத்திரில இருக்கறா. சாகப் பாத்தா," என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் அம்மாவிடம் சொல்லவில்லை, நாத்தனாரிடம் சொல்லவில்லை. சாயம் பூசிய தாடியும் மீன் வாடையுமாக நின்ற மனிதரிடம் சொன்னேன். அவர் பல்லியை என் கையிலிருந்து எடுத்து மெதுவாகத் தொட்டிக்குள் விட்டார். ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காருகிற ஸ்டூல். உட்கார்ந்தேன். மூச்சு விட முடியாமல் அழுதேன். வியாபாரத்துக்கு வந்தவர்களை அவர் அப்புறம் வரச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பல்லி வாங்காமல் வந்துவிட்டேன். இவரிடம் சொன்னேன், சொல்லிவிடுவோம் என்று. நீயே சொல்லு, என்னால் ஆகாது என்றார்.

நவம்பர் 30, சனி

காலையில் டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டேன். சொல்லுங்கள், நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன் என்றார்.

தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். தாசில்தார் செத்துப்போச்சு கண்ணு. வியாழக்கிழமை. நான் வசம்பு போட்டுட்டேன். அதனாலயான்னு தெரியல, அதனாலயும் இருக்கும்.

அவள் விரல் விட்டு நாளை எண்ணினாள்.

"வியாழக்கெழம போன்ல தின்னுச்சுன்னீங்க."

"ஆமா. பொய் சொன்னேன்."

"எனக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்ன மாதிரி."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. யாரோ விசாரித்திருப்பார்கள். ஆமாம் என்றேன். வேறு பல்லி வாங்கி வைக்கப் பார்த்ததையும் சொன்னேன். ஜமால் பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னேன்.

"என்னன்னு சொன்னீங்க?"

"சாகப் பாத்தான்னு சொன்னேன்."

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பிறகு அழுதாள். சத்தமாக, சின்னப் பிள்ளையில் விழுந்து அடிபட்டால் அழுவாளே, அப்படி. தாசில்தாருக்காகவா, தனக்காகவா, எனக்குத் தெரியாது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளை அழுவதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது, இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவர்க்கோழியெல்லாம் இருக்கிறதா என்றாள். டப்பா நிறைய இருக்கிறது என்றேன். இன்று கேரட் போட்டீர்களா என்றாள். போடவில்லை. இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"போடுங்கம்மா. அதுங்களுக்கு என்ன தெரியும்."

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று வந்துவிட்டாள். அதற்கு முன்னால் காலையில் நானும் இவரும் வீட்டைச் சுற்றி வந்தோம். மாத்திரைகள், ஃபினாயில், எலி மருந்து, என் தையல் கத்தரிக்கோல், அரிவாள்மணை, சமையல் கத்திகள். எல்லாவற்றையும் ஒரு சிமெண்ட் சாக்கில் போட்டு இவர் கடைக்குக் கொண்டுபோனார். காய் நறுக்க ஒரு சின்னக் கத்தியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். பீரோவில் புடவைகளுக்கு அடியில்.

மத்தியானம் கீரை கடைந்தேன், தக்காளியைக் கையாலேயே பிசைந்து ரசம் வைத்தேன். அவள் கவனித்தாளா தெரியாது. செம்பருத்திச் செடியிடம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். இவரும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

டிசம்பர் 2, திங்கள்

காலையில் எழுந்து வந்து சுவர்க்கோழி டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் விட்டுவிடலாமா என்று இவர் கேட்டார். வெளியே விட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது என்றாள். இருக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்றாள். இவர் சரி என்று கடைக்குக் கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

சமையலறைக்கு வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து கேரட் எடுத்தாள். கழுவினாள். கத்தி செருகுகிற ஸ்டாண்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. அங்கேயே நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் நறுக்கித் தருகிறேன் கண்ணு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. உள்ளே போனேன், பீரோவைத் திறந்தேன், புடவைக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். பிறகு நான் திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டேன். டீக்குத் தண்ணீர் வைத்தேன். பின்னால் பலகையில் கத்தி விழும் சத்தம். மெல்லிய துண்டுகளாகத்தான் நறுக்குகிறாள், சத்தத்திலேயே தெரிந்தது. தண்ணீர் கொதித்தது, தூளைப் போட மறந்து நின்றேன். உடம்பெல்லாம் காதாக நின்றேன். சத்தம் நின்றது.

"அம்மா, கத்திய எங்க வெக்கட்டும்?"

"எப்பவும் வெக்கற எடத்துலயே வெய்யி கண்ணு," என்றேன்.

குழாய் திறந்தது, மூடியது. ஸ்டாண்டில் செருகிவிட்டு, கேரட்டை எடுத்துக்கொண்டு போனாள்.